லைன் லீடர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா? தலைமை நமக்குள் இருக்கிறதென்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பாயான்லெப்பாஸ்_இரவுஷிப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுச் சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன், பெரும்பாலும் இரவு ஷிப்ட். எங்கள் லைன் லீடர், அதாவது எங்கள் உற்பத்தி வரிசையை மேற்பார்வை செய்கிறவர், வேறு பிரிவுக்கு மாறிப் போகிறார். அந்த இடத்துக்கு நீயும் விண்ணப்பம் போடு என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

பள்ளியில் நான் வகுப்புத் தலைவியாகக்கூட இருந்ததில்லை. மீட்டிங்கில் கேட்டால் பதில் சொல்வேன், கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டேன். என்னோடு இன்னொருவரும் விண்ணப்பிக்கிறார், அவர் நன்றாகப் பேசுவார், மலாயும் ஆங்கிலமும் தடங்கல் இல்லாமல் வரும், பெரியவர்கள் வந்தால் முன்னால் போய் நிற்பார். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு மெஷின் நின்றுவிட்டால் லைனில் இருக்கும் பிள்ளைகள், அதுவும் நேப்பாளம், மியன்மாரிலிருந்து வந்த புதியவர்கள், என்னைத்தான் தேடி வருகிறார்கள். இது தலைமையா, அல்லது எனக்கு மெஷின் தெரியும் என்பதால் வருகிறார்களா? சிலருக்கு இது இயற்கையாகவே இருக்கும் என்கிறார்கள். அப்படி இருந்தால் அது நமக்கே தெரியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:

விண்ணப்பம் போடுங்கள் தங்கச்சி. முதலில் அதைச் செய்துவிட்டு அப்புறம் மற்றதை யோசியுங்கள், கடைசி நாள் தாண்டிவிட்டால் யோசனையால் ஒரு பலனும் இல்லை.

நான் பல வருடமாகத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப்பந்தல் போடும் ஒரு குழுவில் இருக்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இருக்கிறார்கள், துண்டு அறிக்கையில் பெயரும் வரும். ஆனால் விடியற்காலையில் கேஸ் தீர்ந்துவிட்டால், மோர் ஊற்றும் இடத்தில் கூட்டம் நெருக்கினால், யாரோ ஒருவருக்கு மயக்கம் வந்துவிட்டால், அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பது ஓர் அம்மாவைத்தான். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவரும் கத்த மாட்டார், “நீ அங்கே போ, நீ இதைத் தூக்கு” என்று நாலு வார்த்தைதான், எல்லாம் நடந்துவிடும். அவரிடம் போய் நீங்கள் ஒரு தலைவர் என்றால், போப்பா வேலையைப் பார் என்பார். ஆகவே நமக்கே தெரியுமா என்று கேட்டீர்களே, பெரும்பாலும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நெருக்கடியில் மற்றவர்களின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள், அதுதான் சரியான சாட்சி.

சுங்கைடுவா_பழையகை:

அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். நான் பிறை என்ற ஊரில் தொழிற்சாலைகளில் பழம் தின்று கொட்டை போட்டவன், லீடர்களை ஏற்றிவிட்டும் இருக்கிறேன், இறக்கியும் இருக்கிறேன். ஆட்கள் தேடி வருவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மெஷின் தெரிந்தவரைத் தேடி எல்லாரும் வருவார்கள், அது கைத்திறமை. நல்ல டெக்னீஷியனை லீடராக்கி, நல்ல டெக்னீஷியனையும் இழந்து நல்ல லீடரும் கிடைக்காமல் போன லைன்கள் எத்தனையோ.

இரண்டு விஷயம் கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். உங்களிடம் வருகிறவர்கள் அதே கோளாறுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்களா, அல்லது பழையதைத் தாங்களே சரிசெய்துவிட்டுப் புதிய கேள்வியோடு வருகிறார்களா? முதலாவது என்றால் நீங்கள் ரிப்பேர் செய்கிறவர். இரண்டாவது என்றால் நீங்கள் ஆட்களை வளர்க்கிறவர். அடுத்தது, நீங்கள் லீவு போட்ட நாட்களில் லைன் என்ன ஆனது? நீங்கள் இல்லையென்றால் எல்லாம் நின்றுவிடும் என்பது பெருமையான சங்கதி மாதிரித் தெரியும். எனக்கு அது அபாய அறிகுறி.

பாயான்லெப்பாஸ்_இரவுஷிப்ட்:

நன்றி அண்ணா. இதை நான் யோசித்ததே இல்லை. தங்கை கல்யாணத்துக்கு லீவில் இருந்தபோது ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, ஒரு முறை மெஷின் நின்றபோது மியன்மார்ப் பெண் ஒருத்தி சரிசெய்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். பாஷை வேறு வேறாக இருப்பதால் எந்தக் கோளாறுக்கு எந்தப் பொத்தான், எங்கே கை வைக்கக் கூடாது என்று படமாக வரைந்து மெஷினில் ஒட்டி வைத்திருந்தேன். அவளுக்கு எழுத்தைவிடப் படம் சட்டென்று புரியும். அதைப் பார்த்துச் செய்திருக்கிறாள். இப்போது அவள் புதிதாக வந்தவர்களுக்கு அதே படத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, செய்தால் எல்லாருக்கும் சுலபம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சுங்கைடுவா_பழையகை:

அப்படியானால் நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. “யாரும் சொல்லவில்லை, செய்தால் எல்லாருக்கும் சுலபம் என்று தோன்றியது.” இதை நேர்காணலில் அப்படியே சொல்லுங்கள், ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். படத்தின் போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள்.

மனிதவளம்_கேஎல்:

நான் கோலாலம்பூரில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததையும் இந்தத் துறையில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியாளர்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரு கூட்டத்தில் யார் தலைவராக மேலே வருகிறார் என்பது ஒன்று. வந்தவர் நன்றாக நடத்துகிறாரா என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றென்று நாம் நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். 2002-ல் டிமோத்தி ஜட்ஜும் அவருடைய குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, கலகலப்பாகப் பழகும் குணத்துக்கும் தலைமைக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது, ஆனால் அந்தத் தொடர்பு நன்றாக நடத்துவதில் இருந்ததைவிட மேலே வருவதில்தான் வலுவாக இருந்தது. 2020-ல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிடப் பச்சையாகச் சொன்னது. முன்பின் அறியாதவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து ஒரு வேலை கொடுத்து, பிறகு யார் தலைவர் என்று கேட்டால், அதிக நேரம் பேசியவரைக் காட்டுகிறார்கள். அவருடைய புத்திக்கூர்மையைக் கணக்கில் எடுத்த பிறகும் பேசிய நேரத்தின் எடை குறையவில்லை. அது போக, ஆணாக இருப்பதற்கே கொஞ்சம் கூடுதல் வாக்கு விழுந்தது. தங்கச்சி, உங்களோடு போட்டியிடுகிறவர் நன்றாகப் பேசுவதைப் பார்த்து நீங்கள் பின்வாங்கினால், நீங்கள் அஞ்சுவது இந்தப் பேசிய நேரத்துக்குத்தான்.

அமைதியானவர்கள் நன்றாக நடத்த முடியுமா என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஆடம் கிராண்டும் கூட இருந்தவர்களும் 2011-ல் வெளியிட்டது, அமெரிக்காவில் பீட்சா விநியோகக் கடைகளை வைத்துச் செய்தது. கடைப் பணியாளர்கள் தாங்களாகவே யோசனை சொல்லி முன்னால் வரும் இடங்களில், அடக்கமான மேலாளர் இருந்த கடைகளுக்கு லாபம் கூடுதலாக இருந்தது. பணியாளர்கள் சொன்னதை மட்டும் செய்யும் இடங்களில் கலகலப்பான மேலாளர் நன்றாகச் செய்தார். ஆக, யாரை நடத்துகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் லைனில் தானாகச் சரிசெய்து, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்றால், அந்த லைனுக்கு உங்கள் மாதிரி ஆள் பொருந்துவார் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்களை நீங்களே மதிப்பிட்டால் சரியாக வராது. கூட வேலை செய்கிற மூன்று நான்கு பேரிடம், அதில் உங்களை அவ்வளவாகப் பிடிக்காத ஒருவரும் இருக்கட்டும், “நான் இருக்கும் ஷிப்ட்டில் எது வேறுபடுகிறது” என்று கேளுங்கள். நல்லவளா கெட்டவளா என்று கேட்டால் மரியாதைக்கு நல்லபடியாகச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு உண்மைப் பதில் வரும்.

பணிஓய்வு_ஆசிரியை:

பிள்ளைகளா, உங்கள் பேச்சை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்புத் தலைவியாக இருந்ததில்லை என்று அந்தப் பெண் எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பதவிக்கு நாங்கள் எப்படி ஆள் பிடித்தோம் என்று எனக்குத் தெரியும். உயரமாக இருப்பான், குரல் பெரிதாக இருக்கும், மதிப்பெண் நன்றாக வாங்குவான், சட்டையில் பேட்ஜ் ஏறிவிடும். வகுப்பிலிருந்து ஆசிரியர் அறை வரை சத்தம் கேட்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் புத்தகம் கொண்டுவராத பிள்ளைக்கு யார் பக்கத்தில் இடம் கிடைக்கிறது, விளையாட்டில் யாரும் சேர்க்காத பிள்ளையை யார் கூப்பிடுகிறார்கள், சண்டை வந்தால் இரண்டு பக்கமும் யாரிடம் போகிறார்கள், அதையெல்லாம் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. ஆகவே பேட்ஜ் போட்டதையும் போடாததையும் யாரும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்த ஆசைப்படுகிறேன். ரசம்மா பூபாலன். பதின்ம வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் போனவர், பிறகு ஆசிரியை, கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. ஒரே வேலை செய்யும் ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியைக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று இருந்த காலத்தில், 1960-ல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்து சமச் சம்பளத்துக்காகப் போராடினார். அந்தக் குறை எல்லா ஆசிரியைகளுக்கும் தெரிந்ததுதான், பசியாறும் நேரத்தில் எல்லாரும் பேசிக்கொண்டதுதான். அதை ஒரு சங்கமாக மாற்றும் வேலையை எடுத்துச் செய்தவர்கள் சிலர். எல்லாருக்கும் வலிக்கிறது, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று இருக்கும் ஓரிடத்தில் உங்களால் சும்மா உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்களுக்குள் இருக்கிறது.

யூஎஸ்எம்_மாணவன்:

எல்லாரும் அமைதியானவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அதற்கு நேர்மாறு. எனக்கு முன்னால் நிற்கப் பிடிக்கும், மேடை பிடிக்கும், பொறுப்பு கொடுத்தால் சந்தோஷமாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர் கலைவிழாவை நடத்தும் குழுவுக்குத் தலைவனாக நிற்கப் போகிறேன். இங்கே படித்த பிறகு, ஆசைப்படுவதே ஒரு குறையோ என்று தோன்றுகிறது. பதவிக்கு ஆசைப்படுகிறவனுக்குத் தலைமைப் பண்பு இருக்காதா?

செந்தூல்காரன்:

தம்பி, ஆசைப்படுங்கள். தேர் இழுக்க முன்னால் ஆள் வேண்டும், எல்லாரும் பின்னால் நின்றால் தேர் நகராது. விழா முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நாற்காலியை மடக்கி வைக்கும் வேலையிலும் உங்களுக்கு அதே ஆர்வம் இருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள். மேடைக்கு ஒரு முகம், நாற்காலிக்கு ஒரு முகம் என்றால் உங்கள் குழு முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

மனிதவளம்_கேஎல்:

இதோடு ஒன்று. உங்கள் குழுவில் ஒருவன் உங்களைவிட நல்ல யோசனை சொல்லும்போது உங்கள் மனத்தில் முதலில் என்ன எழுகிறது என்று கவனியுங்கள். அந்த முதல் விநாடி பொய் சொல்லாது. உடனே அவன் பெயரைச் சொல்லி எல்லார் முன்னாலும் அதை எடுத்து வைக்க முடிகிறதா? முடிந்தால் உங்கள் ஆசையால் யாருக்கும் கெடுதல் இல்லை.

தோட்டத்துப்பிள்ளை:

நான் சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன், தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்ற பிறகு பூச்சோங் பக்கம் வந்தோம். இந்தப் பேச்சில் இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நேரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம்மவர்கள் பலருக்குத் தலைவன் என்றதும் மனத்தில் வரும் உருவம் எது? மண்டோர், தோட்டத்து மேஸ்திரி. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கையில் புத்தகத்தோடு நின்று பெயர் கூப்பிட்டுக் கத்துகிறவர். அவருக்கு முன்னால் கங்காணி. தன் சொந்த ஊரிலிருந்தே ஆள் பிடித்து வந்து, அவர்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கியவர். கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-ல் நின்றது, ஆனால் அந்த உருவம் நிற்கவில்லை. மேலே துரை என்ற வெள்ளைக்கார நிர்வாகி, நடுவில் கிராணி என்ற கணக்கர், கீழே மண்டோர், ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவரை அதட்டுவார்கள். தாத்தா பாட்டி பார்த்த தலைமை அது ஒன்றுதான். அந்த வீட்டில் வளர்ந்த ஒரு பெண் பாயான் லெப்பாஸில் நின்றுகொண்டு “எனக்குக் கத்த வராது, ஆகவே எனக்குத் தலைமை இல்லை” என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன? தங்கச்சி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, ஆனால் மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டேன் என்று எழுதியதில் எனக்கு அது கேட்டது.

அதே தோட்டங்களில் வேறு மாதிரி மனிதர்களும் இருந்தார்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கேட்டது என்ன தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அதே கூலி, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் லயத்துக்கு லயம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை வரிசையாக, போய், நாளைக்கு யாரும் வேலைக்குப் போக வேண்டாம், பயப்படாதீர்கள் என்று பேசிய ஆள் ஒருவர் இருந்திருப்பாரே, அவர் யார்? அவரிடம் எந்தப் பதவியும் இருந்திருக்காது. காலையில் ரப்பர்ப் பால்வாளி தூக்கிய ஆள்தான் அவரும்.

மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் விஷயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டினார்கள். அன்றைய பால்வெட்டுக் கூலிக்கு அது பெரிய பணம். அவர் பேச்சில் நம்பிக்கை வந்தது சரி, ஆனால் அவர் கார் ஏறிப் போன பிறகு? அடுத்த மாதமும் அந்தப் பத்து வெள்ளியை எடுத்து நீட்ட வேண்டுமென்றால், அந்தத் தோட்டத்திலேயே இருக்கும் ஒருவர்மேல் நம்பிக்கை வேண்டும். இவர் ஏமாற்ற மாட்டார், இவர் சொன்னால் யோசித்துத்தான் சொல்வார் என்று. அப்படி எத்தனை தோட்டங்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். எனக்கு அவர்கள்தான் தலைவர்கள். கத்தியவர்களின் பெயர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், நம்பப்பட்டவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை, அது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

ஆகவே என் கேள்வி எளிது தங்கச்சி. உங்கள் லைனில் ஒரு பெண் தன் பாஸ்போர்ட் பிரச்சினையை, சம்பளத்தில் பிடித்த காசை, உடம்புக்கு முடியாததை யாரிடம் வந்து சொல்கிறாள்?

பாயான்லெப்பாஸ்_இரவுஷிப்ட்:

அண்ணா, என்னிடம்தான் சொல்கிறார்கள். படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. என் பாட்டியும் கெடாவில் பால் மரம் வெட்டியவர்.

ஆனால் உண்மையாக ஒரு பயம் இருக்கிறது, அதையும் கேட்டுவிடுகிறேன். என்னால் “முடியாது” என்று சொல்ல முடிவதில்லை. யாராவது தாமதமாக வந்தால் நானே அந்த வேலையைச் சேர்த்துச் செய்துவிடுவேன். நாளைக்கு லீடர் ஆனால், கேண்டீனில் ஒன்றாகச் சாப்பிடும் தோழிக்கு எதிராக எழுதிக் கொடுக்க வேண்டிவரும். அந்தத் துணிச்சல் எனக்குள் இல்லை. மற்றது எல்லாம் இருந்தும் இது இல்லையென்றால்?

ஜார்ஜ்டவுன்_மாடிவீடு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2017 நவம்பரில் பினாங்கில் அடித்த புயல்மழை ஞாபகம் இருக்கும். எங்கள் வட்டாரத்திலும் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறியது, ஜாலான் பி. ராம்லீ போல எப்போதும் மூழ்கும் இடம் இல்லை என்பதால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு வயதான தம்பதி கீழ்வீட்டில் இருந்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், யாரோ தீயணைப்புப் படைக்குப் போன் போட்டிருப்பார்கள் என்று எல்லாரும் நினைக்கிறோம். இதை உளவியலில் 1968-லேயே டார்லியும் லாட்டானேயும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் கூடக் கூட, உதவிக்கு எழும் வேகம் குறைகிறது. அன்றைக்கு எழுந்தது எங்கள் வரிசையில் யாரோடும் அதிகம் பேசாத ஒரு தையல்காரர். அவர் செய்தது இவ்வளவுதான். ஒவ்வொருவரையும் கை காட்டி, நீ போன் போடு, நீ கயிறு எடு, நீ என்னோடு வா என்றார். யாராவது செய்யுங்கள் என்று பொதுவாகச் சொல்லவில்லை.

தங்கச்சி பயப்படும் “முடியாது” என்ற சொல்லையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஆளைப் பார்த்து, நேராக, கோபம் இல்லாமல் சொல்வது ஒரு பழக்கம். அந்தத் தையல்காரர் பிறவியிலேயே அப்படியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கடையில் உதவியாளர்களுக்கு நாள் முழுக்க அப்படித்தான் வேலை சொல்லுவார்.

பினாங்கில் இருந்துகொண்டு எஸ். எம். முகமது இத்ரிஸைச் சொல்லாமல் விட முடியாது. 1969-ல் உருவான பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை 2019-ல் மறையும் வரை நடத்தியவர். எடைக் குறைவு, கலப்படம், கடன் தொல்லை, கடற்கரை அழிவு என்று சாதாரண ஜனங்கள் கொண்டுவந்த குறைகளை எடுத்து, பெரிய கம்பெனி என்றும் பார்க்காமல் அரசாங்கம் என்றும் பார்க்காமல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அவரிடம் நான் வியப்பது அந்த விடாப்பிடி. வெள்ளத்தில் குதிக்கிறவர் ஒரு வகை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே குறையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறவர் இன்னொரு வகை. தங்கச்சி இரண்டாவது வகை என்று எனக்குப் படுகிறது.

பணிஓய்வு_ஆசிரியை:

மகளே, தோழிக்கு எதிராக எழுதுவது பற்றிக் கேட்டாய். தாமதமாக வருகிறவளின் வேலையை நீயே செய்தால் அவளுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறாய். உன் லைனில் நேரத்துக்கு வருகிற மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், அவர்களுக்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்? முதலில் தனியாகக் கூப்பிட்டு, ஏன் தாமதம், வீட்டில் என்ன பிரச்சினை என்று கேள். பஸ் கிடைக்கவில்லையா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா, தெரிந்துகொள். சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய். அதன் பிறகும் தொடர்ந்தால், நான் எழுதப் போகிறேன் என்று அவளிடம் முதலில் சொல்லிவிட்டு எழுது. முதுகுக்குப் பின்னால் எழுதினால்தான் சிநேகம் போகும். முகத்துக்கு நேரே சொன்னால் சில நாள் முகம் திருப்புவாள், அப்புறம் வருவாள். பள்ளியில் இளைய ஆசிரியைகளுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், முதல் முறை கை நடுங்கும், பிறகு பழகிவிடும்.

மனிதவளம்_கேஎல்:

டீச்சர் சொன்னதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. ரிச்சர்ட் ஆர்வியின் குழு 2006-ல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், யார் தலைமைப் பொறுப்புகளுக்கு வருகிறார்கள் என்பதில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 விழுக்காடு மரபு வழியாக விளக்கப்பட்டது. மீதம் பெரும்பகுதி வளர்ந்த சூழல், கிடைத்த வாய்ப்பு, அனுபவம். ஆகவே இயற்கையாக இருக்கிறதா என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதற்கு வரும் பதில் எதுவாக இருந்தாலும் அதை வைத்து விண்ணப்பத்தை நிறுத்தக் கூடாது. மற்றவர்கள்மேல் அக்கறை, பொறுமை, நேர்மை இவை ஒருவருக்கு முப்பது வயதில் புதிதாக வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. மீட்டிங்கில் பேசுவது, மறுத்துச் சொல்வது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது இவையெல்லாம் பயிற்சியில் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது முதல் வகை.

சுங்கைடுவா_பழையகை:

எல்லாரும் நல்ல மனசோடு பேசுகிறீர்கள், நான் காசைப் பற்றிப் பேசுகிறேன். பண்பு இருக்கிறவர்களைக் கம்பெனிகள் எப்படிப் பயன்படுத்தும் என்று எனக்குத் தெரியும். தேடி வந்தவர்களுக்கெல்லாம் செய்து, படம் வரைந்து ஒட்டி, லீடர் வேலையை லீடர் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கும் பெண்கள் நம் தொழிற்சாலைகளில் நிறையப் பேர். அதைச் சேவை என்று வீட்டிலும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தங்கச்சி, பதவியைக் கேளுங்கள், சம்பளத்தையும் கேளுங்கள்.

ஓடி (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. மாதச் சம்பளம் 4,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டினால் ஓடி பணம் பொதுவாகச் சட்ட உரிமையாக வராது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் அவர்களை மேற்பார்வை செய்கிறவர்களுக்கும் அந்த வரம்பு பொருந்தாது, ஆனால் உங்கள் வேலை அந்த வகையில் வருமா என்பதில் கம்பெனி ஒன்று சொல்லும், நீங்கள் ஒன்று நினைப்பீர்கள், ஆகவே நியமனக் கடிதத்தில் வேலை விவரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் கூடி, ஓடி போய், கடைசியில் கையில் வருவது பழையதைவிடக் குறைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யூஎஸ்எம்_மாணவன்:

அந்தப் படம் வரைந்து ஒட்டிய யோசனையை எங்கள் விழாவுக்கு எடுத்துக்கொள்கிறேன் அக்கா. ஒலிபெருக்கி, விளக்கு எல்லாம் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் வராத நாளில் திண்டாடுகிறோம். நேர்காணல் முடிந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள்.

மனிதவளம்_கேஎல்:

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம், தங்கச்சிக்கும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும். 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்கள் வேலை செய்யும் பெரும்பாலான கம்பெனிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை, தொழிலாளர் பயிற்சிக்கான அரசு அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்குப் பயிற்சி நிதியாகக் கட்டுகின்றன. அது முதலாளி கட்டும் பணம், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பலர் கட்டிவிட்டு, அதைத் திரும்ப எடுத்து ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை. நேர்காணலில் “உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா” என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது மூன்றைக் கேளுங்கள். என்னை மேற்பார்வையாளர் பயிற்சிக்கு அனுப்புவீர்களா, எப்போது? முதல் ஆறு மாதம் யாரிடம் நான் சந்தேகம் கேட்கலாம்? என் லைனில் ஆள் மாற்றம் செய்யும்போது என்னிடம் கலந்து பேசுவீர்களா? இந்த மூன்றுக்கும் அவர்கள் சொல்லும் பதிலைக் குறித்து வைத்துக்கொண்டு, நியமனக் கடிதம் வந்தால் கையெழுத்துக்கு முன் இங்கே போடுங்கள், கம்பெனிப் பெயரை மறைத்துவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.